இறக்கை போதும், எண்ணூர் பக்கம் வாருங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் காற்றியக்கவியல், பாய்ம இயக்கவியல் ஆய்வுகளுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் டாக்டரல் கமிட்டி உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். காற்றியக்கவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் பிள்ளைகளிடம் தலைப்பு என்னவென்று கேட்டால் பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பதில்கள்தான் வருகின்றன. நாக்கா 0012 என்ற பழைய இறக்கை வடிவத்தில் சின்னச் சின்னக் குழி போட்டால் இழுவிசை குறையுமா? முன்விளிம்பைத் திமிங்கலத் துடுப்பு மாதிரி அலையலையாக்கினால் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) தள்ளிப்போகுமா? நுனியில் ஒரு விங்லெட் (மடித்த குட்டி இறக்கை) வைத்தால்? மென்பொருளில் மெஷ் (கணக்குக்கான வலைக்கட்டம்) போட்டு, கே-எப்சிலானோ எஸ்எஸ்டியோ ஏதாவது ஒரு கொந்தளிப்பு மாதிரியைத் தேர்ந்தெடுத்து, சில தாக்குகோணங்களில் ஓட்டி, சிவப்பும் நீலமுமாகப் படம் எடுத்து, வேறு யாரோ செய்த சிமுலேஷனோடு ஒப்பிட்டு, 'நன்றாக ஒத்துப்போகிறது' என்று எழுதினால் ஓர் அத்தியாயம் முடிந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்து சேரும் ஸ்காலர்களில் சிலரையாவது நாம் மூச்சு விடும் காற்றின் பக்கம் திருப்பி விடுங்கள். அதை அளக்க வையுங்கள். அளக்க ஆகும் காலத்தையும் கொடுங்கள்.

நானும் ஏரோ படித்து, புகைப் பரவலில் ஆய்வு செய்து பட்டம் வாங்கி, இப்போது காற்றாலை சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நாக்கா 0012 மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 1930-களிலிருந்து உலகம் முழுக்க அளந்து அளந்து சலித்த இறக்கை அது. புதிதாக சிஎஃப்டி (கணினியில் பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடுவது) கற்கும் மாணவர் தன் கணக்கு சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பயிற்சிக்கு எடுத்ததையே பட்டத்துக்கும் வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடக் காற்றை அளக்காமல், நாலைந்து வருடம் ஓட்டுவதுதான் உறுத்துகிறது.

இதைச் சொன்னால் வரும் முதல் பதில் எனக்கு மனப்பாடம்: "அதெல்லாம் சிவில்காரங்க, என்விரான்மென்ட்காரங்க வேலை. நம்ம டிபார்ட்மென்ட் விமானம்." சரி, இந்தியாவிலேயே பெரிய விமானக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரொத்தம் நரசிம்மா பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவானின் மாணவராகத் தொடங்கியவர். தவான் கால்டெக்கில் ஹான்ஸ் லீப்மனிடம் 1951-இல் முனைவர் பட்டம் முடித்து வந்தவர். நரசிம்மாவும் அதே லீப்மனிடம் போய் 1961-இல் முடித்தார். எல்லைப் படலம் (பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய அடுக்கு) சீரான ஓட்டத்திலிருந்து கொந்தளிப்புக்கு மாறும் இடைப்பகுதியைப் பற்றி தவானும் அவரும் சேர்ந்து 1958-இல் எழுதிய கட்டுரையை அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள். பிறகு விமான ஆய்வுக்கான தேசிய ஆய்வகமான என்ஏஎல்லின் இயக்குநராகவும் இருந்தார். விமானத் துறைக்குள் இதைவிட ஆழமாக ஒருவர் போக முடியாது.

அதே மனிதர்தான் 1982-இல் அறிவியல் கழகத்தில் வளிமண்டல அறிவியல் மையத்தைத் தொடங்கிவைத்தார். 1990-இல் பருவமழைத் தாழ்வுப் பகுதியின் கீழே இருக்கும் எல்லை அடுக்கை, அதாவது தரையை ஒட்டிய காற்றடுக்கை, அளக்க மான்ட்பிளெக்ஸ் என்ற பெரிய கள ஆய்வு நடந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஜோத்பூர், டெல்லி, வாரணாசி, காரக்பூர் ஆகிய நான்கு ஊர்களில் 30 மீட்டர் கோபுரங்கள் நட்டு அளந்தார்கள். ஜோத்பூர் கோபுரத்தில் எடுத்த அளவுகளை வைத்து, காற்று மெலிந்து வெயில் தகிக்கும் வேளையில் தரையிலிருந்து வெப்பம் எப்படி மேலேறுகிறது என்ற கட்டுரை ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் 2006-இல் வந்தது. 16 வருடம் கழித்து! நன்றாக அளந்து வைத்த தரவு அப்படித்தான் உழைக்கும். நாம் போடும் கலர் படங்களை 16 வருடம் கழித்து யாராவது எடுத்துப் பார்ப்பார்களா? அப்புறம் வயதான காலத்தில் அவர் நீர்த்தொட்டிக்குள் ஒரு தாரையைச் செலுத்தி, அதற்கு நடுவழியில் மின்சாரத்தால் சூடேற்றி, மேகம் திரளும் விதத்தை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார். எல்லைப் படலம், தாரை, கொந்தளிப்பு என்று அவர் கையில் இருந்தவை எல்லாம் ஏரோக்காரரின் கருவிகள்தான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

எண்ணூர்ப் பக்கத்து வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளை ஒரு வெயில் நாளில் யோசித்துப் பாருங்கள். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட அலகுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அவ்வளவு உயரத்தில் விட்டால் புகை கலைந்துபோய்விடும் என்பது எண்ணம். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று நுழைகிறது. கடல் மேலிருந்து வரும் அந்தக் காற்று குளிர்ந்தது, அடுக்கு அடுக்காக அமைதியாக வருவது. புகைபோக்கியின் உச்சி அந்த அமைதியான காற்றில் இருக்கிறது. ஆகவே புகை மேலேயும் கலையாமல் கீழேயும் இறங்காமல் ஒரு நாடா போல உள்நாட்டைப் பார்த்து நகர்கிறது. ஆனால் கீழே தரை கொதிக்கிறது. கரையைத் தாண்டிய இடத்திலிருந்து தரையை ஒட்டிய காற்று சூடாகி, புரண்டு, ஒரு கலவை அடுக்காக வளர ஆரம்பிக்கிறது. கரையிலிருந்து உள்ளே போகப் போக அதன் உயரம் ஏறக்குறைய தூரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஏதோ ஓர் இடத்தில் அந்த அடுக்கின் தலை புகை நாடாவைத் தொடுகிறது. தொட்ட அடுத்த நிமிடங்களில், அவ்வளவு நேரம் மேலே பத்திரமாகப் போய்க்கொண்டிருந்த புகை மொத்தமும் சுழல்களில் மாட்டித் தரைக்கு வந்துவிடுகிறது.

புகைபோக்கியின் காலடியில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் அந்தப் புகை தெரியாமலே இருக்கலாம் (சாம்பல் குளத்துத் தூசி வேறு கதை). பல கிலோமீட்டர் தள்ளி, மீஞ்சூரிலோ பொன்னேரிப் பக்கமோ ஒருவர் மத்தியான வேளையில் இருமுவார். எந்த ஊரில், எத்தனை மணிக்கு, மே மாதத்தில் எவ்வளவு, டிசம்பரில் எவ்வளவு? கடல்காற்று காலையிலேயே வந்துவிட்ட நாளுக்கும், பிற்பகல் வரை வராமல் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாளுக்கும் என்ன வித்தியாசம்? காற்றும் நிலைத்தன்மையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்ளும் சாதாரண காஸியன் மாதிரி (புகைப் பரவலுக்கான எளிய சூத்திரம்) இதைத் தானாகச் சொல்லாது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை முன்னிட்டு இந்த வகையில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் எண்ணூரின் தரை கல்பாக்கத்துத் தரை இல்லை. கழிமுகம், துறைமுகங்கள், நிலக்கரிக் குவியல்கள், சாம்பல் குளங்கள், அதை ஒட்டியே ஊர். தரை மாறினால் அடுக்கு வளரும் விதமும் மாறும். ஒரு முனைவர் பட்டத்துக்கு இது போதாதா? மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

இன்னொன்று, இன்னும் பக்கத்திலேயே இருப்பது. போகி அன்று விடியற்காலையில் மாடியில் நின்று பாருங்கள். பழைய பாயும் துணியும் எரியும் புகை நேராக ஏறும். தென்னை மரத்தின் தலை உயரம் வந்ததும் தயங்கி நின்று, பக்கவாட்டில் தட்டையாகப் படரும். பக்கத்துத் தெருப் புகையும் அதே உயரத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். இரவெல்லாம் தரை குளிர்ந்ததால் கீழே கனமான காற்று, மேலே லேசான காற்று. கொந்தளிப்பு கிட்டத்தட்டச் செத்துவிட்டது. அவ்வப்போது எங்கிருந்தோ ஒரு சிறு அலை வந்து குலுக்கிவிட்டுப் போகும், மறுபடி அடங்கிவிடும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகி, ரத்தாகித் திண்டாடியது நினைவிருக்கும். விமானத் துறைக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

தரையை ஒட்டிய காற்றுக்கு 1954-இல் மோனினும் ஒபுகோவும் கொடுத்த கோட்பாடுதான் இன்றைக்கும் அடிப்படை. ஆனால் இப்படிக் காற்று மிக மெலிந்து, அடுக்கு மிக உறுதியாக இருக்கும் இரவுகளில் அது கைவிட்டுவிடும். உலகம் முழுக்க இன்னும் தீராத கணக்கு அது. வெளிநாட்டுக் குழுக்கள் இப்படியொரு இரவைத் தேடிக் கருவிகளோடு அலைகின்றன. நமக்கு ஒவ்வொரு தை பிறப்புக்கு முதல் நாளும் ஊரே சேர்ந்து புகை போட்டுக் காட்டுகிறது, நாம்தான் அளப்பதில்லை.

2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரை அடுத்த பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மோனியா காற்றைவிட லேசான வாயு. ஆனால் குளிர்ந்து நுண்துளிகளோடு வெளியேறினால் தரையோடு தவழும். கடலுக்கடியிலிருந்து குமிழ் விட்டு வந்தால் தண்ணீரில் கரைந்தது போக மிச்சம்தான் மேலே வரும். அந்த நள்ளிரவுக் காற்றில் அது எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும், எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்பது சுத்தமான பாய்ம இயக்கவியல் கேள்வி. பேரிடர் மேலாண்மைக்காரர்கள் யாரிடம் கேட்பார்கள்? ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளில் முன்வரிசையின் கலங்கல் பின்வரிசையின் உற்பத்தியை எவ்வளவு தின்கிறது என்பதும், அடையாறு முகத்துவாரத்தில் மணல்மேடு ஏன் திரும்பத் திரும்ப அடைக்கிறது என்பதும் அதே வகைதான். பட்டியல் நீளும், விட்டுவிடுகிறேன்.

"கருவி எங்கே சார் இருக்கு?" இதுதான் இரண்டாவது பதில். நியாயமான பதில். காற்று வேகம் அளக்கும் சோனிக் அனிமோமீட்டர் லட்சக்கணக்கில் ஆகும், லேசர் வைத்துப் படமெடுக்கும் பிஐவி கோடியைத் தொடும். ஆனால் டைட்டானிக் மூழ்கியதற்கு அடுத்த வருடம், 1913-இல், வட அட்லான்டிக்கில் பனிப்பாறை பார்க்க ஸ்கோஷியா என்ற கப்பல் போனது. அதில் வானிலையாளராகப் போன ஜி.ஐ. டெய்லர் கப்பலிலிருந்து பட்டம் விட்டு, உயரத்துக்கு உயரம் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்தார். காற்றுச் சுழல்கள் வெப்பத்தை எப்படிக் கடத்துகின்றன என்ற 1915 கட்டுரை அதிலிருந்துதான் வந்தது. நம் மாணவர்கள் இன்று கிளிக் செய்யும் கொந்தளிப்பு மாதிரிகளுக்கு அந்தக் கட்டுரை பாட்டன் முறை. பட்டம் விட நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் அனுமதி மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கருவி நம் கல்லூரிகளில் இல்லாமலும் இல்லை. ஏரோ பிரிவு உள்ள கல்லூரிகளில் ஒரு காற்றுச் சுரங்கம் இருக்கும், பெரும்பாலும் 600 மில்லிமீட்டருக்கு 600 மில்லிமீட்டர் வெட்டு கொண்டது. செமஸ்டர் ப்ராக்டிகலுக்கு உருளையைச் சுற்றி அழுத்தம் எடுத்துவிட்டால் அடுத்த வருடம் வரை துணி போர்த்திக் கிடக்கும். அதன் வாயில் முக்கோண வடிவில் நான்கைந்து மரத் தூண்கள் நிறுத்தி, பின்னால் தரையில் மரக்கட்டைகளைப் பரப்பி வைத்தால், கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் போகும் ஊர்க்காற்றின் சின்ன நகல் கிடைக்கும். ஒர்க்‌ஷாப்பில் தச்சு வேலை பார்ப்பவர் செய்து கொடுத்துவிடுவார். சோதனைப் பகுதி நீளம் போதாது, அடுக்கு முழுதாக வளராது என்ற குறைகள் உண்டு. 275 மீட்டர் புகைபோக்கியை அதில் வைக்க முடியாது. தரமணியில் சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சியில் இருக்கும் நீண்ட எல்லைப் படலச் சுரங்கம் அந்த மாதிரி வேலைக்குத்தான். ஆனால் சௌகார்பேட்டைச் சந்து ஒன்றை நம் சுரங்கத்தில் வைக்கலாம். 15 மீட்டர் கட்டடம் 200-இல் ஒரு பங்கு அளவில் ஏழரை சென்டிமீட்டர்தான். தெருவுக்குக் குறுக்கே காற்று வீசும்போது மேல்காற்று கூரைகளைத் தடவிக்கொண்டு போய்விடும், உள்ளே காற்று தனியாகச் சுழலும். வண்டிப் புகை காற்று வரும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரோரம் சேரும், எதிர்ச்சுவரோரம் குறையும். தெரு இன்னும் ஒடுங்கினால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழல். அங்கே கடை வைத்திருப்பவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

அளப்பதில் இருக்கும் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. காற்று வேகம் அளக்கும் ஹாட் வயர் என்கிறோமே, அந்த டங்ஸ்டன் கம்பியின் விட்டம் 5 மைக்ரான், நீளம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். தலைமுடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெல்லியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் கம்பி இருப்பதே தெரியும். சுரங்கத்துக்குள் ஒரு தூசி பறந்து வந்து பட்டால் திரையில் சிக்னல் சட்டென்று நேர்கோடாகிவிடும். அவ்வளவுதான், அன்றைய வேலை போச்சு. மறுபடி புதுக் கம்பி வெல்டு வைத்து, மறுபடி காலிப்ரேஷன். சாயங்காலம் அறையின் வெப்பநிலை இரண்டு டிகிரி மாறினால் அதற்கும் திருத்தம் போட வேண்டும். இந்த எரிச்சலில்தான் ஒரு மாணவர், 'என் எண்ணில் எவ்வளவு பிழை இருக்கிறது' என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளப் பழகுகிறார். சிமுலேஷன் மட்டும் செய்தவருக்கு அந்தக் கேள்வி வருவதே இல்லை, ரெசிடுவல் (கணக்கில் தீராமல் மிஞ்சும் எண்) இறங்கிவிட்டால் சந்தோஷம். சிமுலேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓபன்ஃபோம் என்ற சிஎஃப்டி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் காலம் இது, நானும் அன்றாடம் ஓட்டுகிறேன். அளவீடு ஒரு கையிலும் கணக்கு ஒரு கையிலும் இருக்கட்டும் என்கிறேன்.

உங்கள் நெருக்கடியும் எனக்குத் தெரியும். பேராசிரியருக்கு 8 ஸ்காலர் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. தரவரிசைக்கு வருடா வருடம் பேப்பர் எண்ணிக்கை கேட்கிறார்கள். ஸ்காலர்களில் பலர் அதே கல்லூரியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ உதவிப் பேராசிரியர்கள். வாரம் முழுக்க வகுப்பு, அட்மிஷன் சீசனில் ஆள் பிடிக்கவும் போக வேண்டும். மீதி நேரத்தில் லேப்டாப்பில் முடியும் வேலையைத்தான் அவர்களும் தேடுவார்கள். முழுநேரமாக வருபவர்களின் கதை வேறு. ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அது நேரத்துக்கு வந்தால். கிடைக்காதவருக்கு வீட்டார் தயவு. கள ஆய்வுக்குப் போய்வரும் பஸ் காசைக்கூட அவர் கையிலிருந்து போடச் சொல்வது அநியாயம். தலைப்பை மாற்றச் சொல்லும் நானே இதையும் சொல்லியாக வேண்டும்: சுற்றுச்சூழல் ஆய்வுக்கு ஆள் அனுப்பும் கல்லூரி அதற்கான செலவையும் ஏற்க வேண்டும்.

காலம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. வளிமண்டலம் செமஸ்டர் பார்த்து நடக்காது. கடல்காற்றைப் பார்க்கக் கோடை வேண்டும், வடகிழக்குப் பருவமழை வேண்டும், இரண்டுக்கும் நடுவிலுள்ள மாதங்களும் வேண்டும். ஆக ஒரு முழு வருடம். அந்த வருடத்தில் ஒரு பேப்பரும் வராது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் டாக்டரல் கமிட்டி மீட்டிங்கில், "இன்னும் ஸ்கோபஸ் பட்டியல் ஜர்னல்ல பேப்பர் ஒண்ணுகூட வரலையே" என்று ஒருவர் கேட்பார், பையன் பயந்துபோய் இறக்கைக்கே திரும்பிவிடுவான். கட்டுரை வெளியிட்டால்தான் பட்டம் என்ற கட்டாயத்தை யுஜிசி தன் 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம் என்றும் இடம் கொடுத்திருக்கிறது. நம் உள்ளூர் விதிகளும் நம் மனசும்தான் இன்னும் இறங்கி வரவில்லை. ஒரு வருடத் தரவைச் சுத்தம் செய்து, பிழை வரம்பு குறித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டால் அதை ஒரு கட்டுரைக்குச் சமமாகக் கமிட்டி எடுத்துக்கொள்ளட்டும். தரவு என்பது இங்கே எவ்வளவு அரிது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆய்வுக் காலத்தில் ஓர் அலுவலகத்தில் மணிவாரிக் காற்றுத் திசை கேட்டு மனு போட்டேன். கடிதத்துக்கு மேல் கடிதம், கடைசியில் மாதச் சராசரி ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள். கடல்காற்றும் நிலக்காற்றும் நாளுக்கு இருமுறை திசை மாறும் ஊரில் மாதச் சராசரித் திசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் நாமே அளக்கலாம் என்று ஒரு யோசனை. கடற்கரையிலிருந்து மேற்கே போங்கள். ஓஎம்ஆரில் கல்லூரிகள், ஜிஎஸ்டி சாலையில் கல்லூரிகள், பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை கல்லூரிகள். இவ்வளவு நெருக்கமாகப் பொறியியல் கல்லூரிகள் கடலிலிருந்து உள்நாடு நோக்கி வரிசை கட்டி நிற்கும் ஊர் வேறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை! ஒவ்வொன்றின் விளையாட்டு மைதானத்திலும் ஒரு 10 மீட்டர் கம்பம், அதில் காற்று வேகம், திசை, வெப்பநிலை, ஈரப்பதம். மொட்டை மாடியில் வைக்காதீர்கள், கட்டடமே காற்றை வளைத்துவிடும். எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டட்டும். கடல்காற்று நுழையும்போது திசை கிழக்குக்குத் திரும்பும், வெப்பநிலை விழும், ஈரப்பதம் எகிறும். அந்தக் கோடு எந்தக் கல்லூரியை எத்தனை மணிக்குக் கடந்தது என்று தினமும் கிடைத்துவிடும். எண்ணூரில் கலவை அடுக்கு எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போடவும், கோடையில் சாயங்கால இடிமழை எங்கே கிளம்பும் என்று பார்க்கவும் அதுவே ஆரம்பம். வணிக மென்பொருளுக்கு வருடா வருடம் கட்டும் லைசென்ஸ் தொகையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கம்பத்தின் செலவு பெரிதாகத் தெரியாது. ஒரு கல்லூரியால் முடியாததுதான். போட்டிக் கல்லூரியோடு தரவைப் பகிர வேண்டியிருக்கும். அதற்கு நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பது பாய்ம ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைத் தீர்ப்பதைவிடக் கஷ்டமாக இருக்கலாம். அதை உங்கள் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறேன்.

அடுத்த சேர்க்கைக்கான தலைப்புகள் உங்கள் மேசைக்கு வரும்போது, 'இதை எந்த அளவீட்டோடு ஒப்பிடப் போகிறாய்' என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். பதில் இல்லாத தலைப்பைத் திருப்பி அனுப்புங்கள். கம்பம் நடவோ, சுரங்கத்துக்குக் கட்டை அடுக்கவோ, எடுத்த தரவைச் சரிபார்க்கவோ ஆள் தேவைப்பட்டால் சனிக்கிழமைகளில் நான் வரத் தயார்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் காற்று அளக்கக் கற்ற முன்னாள் ஸ்காலர்